கட்டில்களை எண்ணாத விண்ணப்பங்கள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த கையோடு குமரி மாவட்டச் சாலைகளில் செவிலியர் கல்லூரி விளம்பரங்கள் முளைத்துவிடும். நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை போகிற பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் போதும், அந்த ஆண்டின் சேர்க்கை நிலவரம் முழுவதையும் வாசித்துவிடலாம். வெள்ளைச் சீருடை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னணியில் ஒரு விமானம். கீழே பொடி எழுத்தில் தகுதி: 17 வயது நிறைவு, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், மொத்தம் 45 விழுக்காடு.

இந்தத் தகுதிகளை வகுத்தது இந்திய நர்சிங் கவுன்சில். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அமைப்பு அது. அதன் விதிப்படி, பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்கிறவருக்குச் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 விழுக்காடு போதும். உடல்தகுதிச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் அரசு இடங்களுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. சென்னைக் கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை போட்டு, 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடத்துகிறது. தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் ஒரு பங்கை அரசுக்கு ஒப்படைக்கின்றன. சிறுபான்மை நிறுவனங்கள் தரும் பங்கு மற்றவற்றைவிடக் குறைவு. கிறிஸ்தவ நிறுவனங்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அந்த வேறுபாடு கணிசமான இடங்களைப் பாதிக்கிறது. தேர்வும் பட்டமும் எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒன்றுதான்: 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

இவ்வளவும் பிளஸ் டூவுக்குப் பிறகு தெரிந்துகொள்ளும் விவரங்கள். வாசல் உண்மையில் அடைபடுவதோ இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால். பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதுப் பிள்ளை பிளஸ் ஒன்னில் கணிதத்தோடு கணினி அறிவியலையோ வணிகவியலையோ எடுத்துவிட்டால், பிறகு எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் பி.எஸ்சி. நர்சிங் அவளுக்கு இல்லை. உயிரியல் இல்லாமல் இந்தப் பட்டத்துக்குள் நுழைய வழியில்லை. அவளுக்கு மிஞ்சுவது ஜி.என்.எம். எனப்படும் மூன்றாண்டு டிப்ளமா. அதற்கு எந்தப் பாடப்பிரிவும் போதும், 40 விழுக்காடு போதும், அறிவியல் படித்திருந்தால் முன்னுரிமை. பொறியியல் மோகம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் கணிதம்–கணினி குரூப்புக்குப் போய்விட்டு, பிறகு மனம் மாறி இந்த வழியாக வந்த பெண்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர்.

விளம்பரப் பலகை சொல்லாத இன்னொரு விஷயம்தான் இந்தக் கட்டுரையின் பொருள். சேரும் தகுதி மாணவியிடம் இருக்க வேண்டியது. பட்டம் பெறும் தகுதியில் பாதி கல்லூரியிடம் இருக்க வேண்டியது. 45 விழுக்காட்டை மாணவி கொண்டுவந்துவிடுவாள். அவள் கவனிக்க வேண்டிய நோயாளியை, பார்க்க வேண்டிய பிரசவத்தை, பின்னால் நின்று கற்றுத்தரும் ஆசிரியரைக் கல்லூரிதான் கொண்டுவர வேண்டும். முதல் பாதியைத் துல்லியமாகச் சரிபார்க்கிற நாம் இரண்டாவது பாதியை ஒரு கேள்விகூடக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

குமரி மாவட்டத்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இங்கே மருத்துவமனை முதலில் வந்தது. செவிலியர் பயிற்சி அதற்குள்ளிருந்து வளர்ந்தது. நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணியை ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கியது 1838-இல். 1860-களில் அங்கே பணியாற்றிய ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து ஒரு மருத்துவ வகுப்பு நடத்தினார். அவர்கள் கிளை மருந்தகங்களுக்குப் பொறுப்பேற்றார்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர் ஹோவார்ட் சோமர்வெல், மலையைவிட்டு நெய்யூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கியது ஊரறிந்த கதை. நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் ஹாரி ஆண்ட்ரூஸ் 1890-களில் தொடங்கிய சிறு மருந்தறை, 1900-இல் மருத்துவர் பெர்சி டர்னர் வந்தபின் கேதரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. இந்த மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி பெற்ற கைகளுக்குத்தான் பஞ்சம். பயிற்சி பிறந்தது அந்தத் தேவையிலிருந்து.

அப்போது குமரியை ஆண்ட திருவிதாங்கூர் அரசுக்கும் அதே தட்டுப்பாடு இருந்தது. 1906-இல் திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்க சுவிட்சர்லாந்தின் மென்சிங்கனிலிருந்து திருச்சிலுவை சபைக் கன்னியர் வந்தார்கள். ஜெர்மன் மொழி பேசும் ஊரிலிருந்து செவிலியரை இறக்குமதி செய்த நாடு நம்முடையது. இன்று மார்த்தாண்டத்தில் ஜெர்மன் மொழி வகுப்புப் பலகைகளைப் பார்க்கும்போது, நூறு ஆண்டுகளில் ஓட்டம் எந்தத் திசைக்குத் திரும்பியிருக்கிறது என்று யோசிக்கத் தோன்றும்.

அந்தத் திசைமாற்றத்துக்கு அடிப்படை பள்ளிக்கூடம். சேர்க்கைத் தகுதி என்பது எந்தக் காலத்திலும் ஒரு பள்ளிச் சான்றிதழ்தான். அந்தச் சான்றிதழோடு பெண்கள் எங்கே அதிகம் இருந்தார்களோ அங்கிருந்துதான் செவிலியர்கள் வந்தார்கள். நாகர்கோவிலில் மிஷனரிகளின் மனைவியர் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தத் தொடங்கியது 1819-ஐ ஒட்டி. தோள்சீலைக்காகப் பெண்கள் போராடி 1859-இல் அரச அறிவிப்பைப் பெற்ற அதே மண்ணில், அந்தப் பெண்களின் பேத்திகள் எழுத்தறிந்தவர்களாக இருந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டின் முதல் மாவட்டம் குமரி. செவிலியர் தொழிலை மிஷன் கொடுத்த கொடை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. தீட்டு, சாதி, இரவு வேலை, அன்னிய ஆணின் உடலைத் தொடுதல் என்று பல தடைகளை உடைத்து வெளியே வந்தவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து முதலில் வந்தார்கள். பிறகு எல்லா வீடுகளிலிருந்தும் வந்தார்கள்.

சான்றிதழின் உயரம் மட்டும் கூடிக்கொண்டே போனது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டில் நாட்டின் சுகாதார நிலை பற்றி அறிக்கை தந்த போர் (Bhore) குழு, நாட்டில் சுமார் 7,000 செவிலியரே இருப்பதாக, அதாவது 43,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. அப்போது அது பரிந்துரைத்த இரண்டு நிலைகளில் கீழ்நிலைக்கு நடுநிலைப் பள்ளிப் படிப்பும் மேல்நிலைக்கு மெட்ரிகுலேஷனும் போதும். கூடவே பல்கலைக்கழகப் பட்டமும் வேண்டும் என்றது. அதே 1946-இல் இந்தியாவின் முதல் பி.எஸ்சி. நர்சிங் வகுப்புகள் இரண்டு இடங்களில் தொடங்கின: ஒன்று டெல்லி, இன்னொன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. வேலூரில் 1909 முதலே செவிலியர் பள்ளி இருந்ததால் அது திடீரென்று முளைத்த பட்டமல்ல. குமரியின் தேவாலயங்கள் வேலூருக்குப் பிள்ளைகளைச் சிபாரிசு செய்து அனுப்பின. படித்து முடித்ததும் சிபாரிசு செய்த சபையின் மருத்துவமனைக்குத் திரும்பி வந்து உழைப்பது அந்த ஏற்பாட்டின் நிபந்தனை. அங்கே மதிப்பெண்ணோடு நேர்காணலும் சேர்க்கைத் தகுதியில் ஒரு பகுதியாக இருந்தது.

பிறகு வந்த குழுக்களில் தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டியது சரோஜினி வரதப்பன் தலைமையில் 1989-இல் அறிக்கை தந்த உயர்மட்டக் குழு. செவிலியரில் இரண்டே நிலை போதும், ஒன்று பட்டம், மற்றொன்று தொழிற்கல்வி நிலையிலான துணைச் செவிலியர் என்பது அதன் கருத்து. நடுவிலிருக்கிற டிப்ளமாவைப் படிப்படியாக முடித்துவிடலாம் என்ற யோசனை அதற்குப் பிறகும் பலமுறை எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நர்சிங் கவுன்சில் தேதிகூடக் குறித்தது. பிறகு தள்ளிப்போட்டது. டிப்ளமா பள்ளிகள் எல்லாவற்றையும் கல்லூரிகளாக்க ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காததே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி உள்ளே போய்ப் பார்ப்போம். 2021-இல் அரசிதழில் வந்த புதிய பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டர். முதல் ஆண்டில் உடலமைப்பியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், உளவியல், சமூகவியல், ஊட்டச்சத்து, இவற்றோடு செவிலியத்தின் அடிப்படைகள். இரண்டாம் ஆண்டில் நுண்ணுயிரியல், மருந்தியல், நோய்க்கூறியல், வயது வந்தோர் மருத்துவப் பராமரிப்பு. மூன்றாம் ஆண்டில் குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம். தடயவியல் செவிலியமும் சட்டமும் ஒரு பாடமாகப் புதிதாக நுழைந்திருக்கிறது. பேறுகாலச் செவிலியம் ஆறாம், ஏழாம் செமஸ்டர்களில். கடைசி செமஸ்டர் முழுவதும் வார்டு: 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஆக 1,056 மணி நேரம். படிப்பை முடிக்க அதிகபட்சம் எட்டு ஆண்டு. தேர்ச்சிக்கு எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு. ஒன்றில் தவறினால் மற்றொன்று காப்பாற்றாது.

வருகைப் பதிவில்தான் இந்தப் பட்டத்தின் குணம் தெரிகிறது. தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை போதும். ஆனால் பட்டம் வாங்க செய்முறைப் பயிற்சியில் நூறு விழுக்காடு வேண்டும். டெங்கு வந்து பத்து நாள் படுத்தாலும், அக்காள் கல்யாணத்துக்கு லீவு போட்டாலும், விட்டுப்போன டூட்டியை ஒவ்வொரு நாளாகத் திரும்பச் செய்து தீர்த்தாக வேண்டும். ஒரு கலைக் கல்லூரியில் வகுப்புக்குப் போகாமலே பட்டம் வாங்கிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. இங்கே அது நடக்கக் கூடாது என்றுதான் விதி நினைக்கிறது.

அதே விதி கல்லூரியைப் பார்த்தும் சில நிபந்தனைகளைச் சொல்கிறது. குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள். பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர். சொந்த மருத்துவமனையில் கிடைக்காத பிரிவுகளுக்கு, உதாரணமாக மனநலத்துக்கு, வேறு மருத்துவமனையோடு ஒப்பந்தம். 100 படுக்கை என்பது கட்டில்களின் எண்ணிக்கை. கட்டிலில் யாராவது படுத்திருக்க வேண்டுமே! ஆய்வுக் குழு வருகிற நாளில் மட்டும் வார்டு நிரம்பி வழியும் அதிசயத்தைப் பற்றி இந்தியா முழுவதும் செவிலியர் மாணவிகள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. எந்தக் கல்லூரி என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்பதில் அர்த்தமும் இல்லை.

பிரசவத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் இறுக்கமாகும். 2021-க்கு முந்தைய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவியும் 30 கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க வேண்டும், 20 சுகப்பிரசவங்களைத் தானே பார்க்க வேண்டும், பிரசவித்த 20 தாய்மாரைக் கவனிக்க வேண்டும், ஐந்து சிக்கலான பிரசவங்களில் உடனிருக்க வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொன்றையும் கேஸ் புக்கில் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு வகுப்பில் 60 பேர் என்றால் 1,200 சுகப்பிரசவம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அந்த விகிதத்தில் 1,200 சுகப்பிரசவம் கிடைக்க, ஏறத்தாழ 2,180 பிரசவங்கள் நடக்கிற இடம் வேண்டும். ஒரு கல்லூரியின் ஒரு வகுப்புக்கே இந்தக் கணக்கு.

குமரியில் இது சாதாரணப் பிரச்சினையல்ல. குடும்பக் கட்டுப்பாட்டை முன்னதாகவே ஏற்றுக்கொண்ட மாவட்டம். பிள்ளை பிறப்பது குறைவு. பிறக்கிறவர்களில் பலர் தனியார் மருத்துவமனைகளில், அறுவை அரங்கில் பிறக்கிறார்கள். நெய்யூர், சுங்கான்கடை, குலசேகரம், மார்த்தாண்டம் என்று கல்லூரிகள் பெருகியிருக்கின்றன. பிரசவ அறை தேடி மாணவிகள் போகும் இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்த வளாகத்தில் 2001-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிதான் மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனை. மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள், செவிலியர் மாணவிகள் என்று ஒரே கட்டிலைச் சுற்றி இத்தனை பேர் நின்றால் குழந்தையின் தலை வெளியே வரும் அந்த நிமிடத்தில் யார் கை அங்கே இருக்கும்? பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணுக்கும் தன்னைச் சுற்றி எத்தனை பேர் நிற்கலாம் என்பதில் ஒரு சொல் உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

பாடத்திட்டத்தை வகுத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. புதிய பாடத்திட்டம் பொம்மை உடல்களை வைத்துப் பயிற்சி செய்யும் ஆய்வகத்துக்கு அதிக இடம் கொடுக்கிறது. பாதுகாப்பான பிரசவத்துக்கென்று ஒரு கைபேசிச் செயலியும் கட்டாயப் பாடங்களில் இருக்கிறது. அதிக ரத்தப்போக்கு போன்ற, அடிக்கடி நடக்காத ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கில் உயிர்போகும் நிலைகளை பொம்மையில் பலமுறை ஒத்திகை பார்ப்பது நல்லதுதான். இயல்பான பிரசவத்துக்கு அது ஈடாகாது என்பது என் கருத்து. நான்கைந்து மணி நேரம் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, வலி ஏறி இறங்குவதைக் கையால் உணர்ந்து, இப்போது ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதே சரி என்று முடிவெடுக்கும் நிதானத்தை எந்தப் பொம்மையும் கற்றுத்தராது. அந்த நிதானம் குறைந்த இடங்களில்தான் சிசேரியன் கூடுகிறது என்று சொன்னால் மருத்துவர்கள் சண்டைக்கு வருவார்கள். காரணம் அது ஒன்று மட்டுமல்ல. ஆனாலும் அதுவும் ஒன்று.

ஆண் மாணவர்களின் கதை இந்த இடத்தில் சொல்லத் தக்கது. முன்பு டிப்ளமா படித்த ஆண்களுக்குப் பேறுகாலப் பாடம் கிடையாது. அதற்குப் பதிலாக மனநலப் பிரிவில் கூடுதல் பயிற்சி. பெண்கள் செவிலியராகவும் மகப்பேறு உதவியாளராகவும் பதிவு பெற்றார்கள், ஆண்கள் செவிலியராக மட்டும். உள்ளூரில் யாரும் பொருட்படுத்தாத இந்த வேறுபாடு வெளிநாட்டுப் பதிவின்போது பூதமாகக் கிளம்பியது. மகப்பேறு வார்டில் எத்தனை மணி நேரம் என்ற கட்டத்தில் எழுத அவர்களிடம் எண் இல்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் பிளஸ் டூ படித்து, உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கி, கடற்கரை ஊரிலிருந்தோ பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்தோ வரும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் ஆங்கிலத்தோடுதான் போர். பாடநூல், வகுப்பு, தேர்வு எல்லாம் ஆங்கிலம். நோயாளியோ, ராத்திரி முழுக்க இழுப்பு விடவில்லை மக்களே என்று குமரித் தமிழில் சொல்வார். எல்லையோர ஊர்க்காரரென்றால் மலையாளத்தில் சொல்வார். அதைக் கேட்டு, புரிந்து, பராமரிப்புத் திட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அதே நோயாளியிடம் திரும்பிப் போய் அவர் மொழியில் விளக்க வேண்டும். ஒரே முற்பகலில் இருமுறை மொழி கடக்கும் இந்த உழைப்புக்குப் பாடத்திட்டத்தில் மணிக்கணக்கு கிடையாது. நன்றாக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் முதலாண்டில் உடலமைப்பியலில் தோற்று நிற்பதற்கு மூளை காரணமல்ல.

பட்டம் கையில் வந்ததும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1926-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின் வழித்தோன்றல் அது. பதிவு இல்லாத பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும். வேறு மாநிலத்தில் படித்தவர்கள் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்துவிட்டுத்தான் இங்கே மாற்றிக்கொள்ள முடியும். பெங்களூருக்கும் மங்களூருக்கும் ஏஜெண்ட் வழியாகப் போய்ச் சேரும் குமரிப் பிள்ளைகள் அதிகம். கல்லூரிக்கு மாநிலக் கவுன்சிலின் ஒப்புதலும் தேசியக் கவுன்சிலின் ஒப்புதலும் உண்டா என்று இரண்டையும் பார்க்காமல் சேர்ந்தவர்கள் பின்னால் அலைந்திருக்கிறார்கள்.

வேலைச் சந்தை இந்தப் பட்டத்தை எப்படி மதிக்கிறது? உள்ளூரில் விசித்திரமான சமத்துவம் நிலவுகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களை எடுக்கும்போது டிப்ளமாவும் பட்டமும் ஒரே தட்டில். 2015-இல் அந்த வாரியம் 7,243 பணியிடங்களுக்கு ஆளெடுத்தபோது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். நான்கு ஆண்டு படித்தவருக்கும் அதுதான். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான பொதுத் தேர்வில் மட்டும் சற்று வேறுபாடு: பட்டதாரி நேரடியாக எழுதலாம், டிப்ளமாக்காரர் இரண்டு ஆண்டு அனுபவத்தோடு வர வேண்டும். உள்ளே நுழைந்துவிட்டால் தொடக்க அடிப்படை ஊதியம் 44,900 ரூபாய் இருவருக்கும் ஒன்றே. தனியார் மருத்துவமனைகளின் சம்பளத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதை ஏற்று அமைந்த நிபுணர் குழு, சிறிய மருத்துவமனையானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேலென்றால் அரசுச் சம்பளம் என்று பரிந்துரைத்தது. இங்கே அந்தப் பரிந்துரை பெரும்பாலும் பரிந்துரையாகவே இருக்கிறது.

ஆகவே இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் பட்டத்தைப் பின்னாலிருந்து வாசிக்கின்றன. எந்த நாடு என்பது முதலில், எந்தப் படிப்பு என்பது அதற்குப் பிறகு. வளைகுடா என்றால் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வும் சான்றிதழ்ச் சரிபார்ப்பும். பிரிட்டன் என்றால் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போனபின் செய்முறைத் தேர்வு. அமெரிக்கா என்றால் என்கிளெக்ஸ். ஜெர்மனி என்றால் பி2 நிலை ஜெர்மன். கல்யாணப் பேச்சில்கூடப் பெண் என்ன படித்திருக்கிறாள் என்பதோடு எந்தத் தேர்வு முடித்திருக்கிறாள் என்று கேட்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளூர்ச் சம்பளம் மேலே சொன்ன அளவில் இருக்கும்போது கடன் வாங்கிப் படித்த பிள்ளை விமானத்தைப் பார்ப்பது இயல்பு.

கவனிக்க வேண்டியது வேறொன்று. வெளிநாட்டுக் கவுன்சில்கள் கேட்கும் முதல் ஆவணம் டிரான்ஸ்கிரிப்ட். மதிப்பெண் அங்கே இரண்டாம்பட்சம். எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேர வகுப்பு, எந்த வார்டில் எத்தனை மணி நேரப் பயிற்சி, அந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்பதே கேள்வி. மாணவி சேர்ந்த அன்று கேட்காமல் விட்டதை அந்நிய நாட்டு அலுவலகம் ஒன்று ஆறேழு ஆண்டுகள் கழித்துக் கேட்கிறது. காகிதத்தில் மணிக்கணக்கு சரியாகத்தான் இருக்கும். அடுத்து வரும் செய்முறைத் தேர்வில், பத்து நிலையங்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பரிசோதகர் முன்னால் காகிதம் உதவாது. வார்டில் கை பழகியவர்கள் முதல் முறையிலேயே கடந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் மறுபடியும் பணம் கட்டி எழுதுகிறார்கள்.

பாண்டு என்ற பழக்கத்தைத் தொடாமல் போக முடியாது. படித்து முடித்ததும் கல்லூரியின் மருத்துவமனையில் ஓராண்டோ இரண்டாண்டோ குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டும், அதுவரை மூலச் சான்றிதழ்களை வைத்துக்கொள்வோம் என்பது இந்தியாவெங்கும் இருந்த வழக்கம். நர்சிங் கவுன்சில் இதைத் தடைசெய்து சுற்றறிக்கை அனுப்பி ஆண்டுகள் ஆகின்றன. வேலூர் சபைச் சிபாரிசில் இருந்த பணி நிபந்தனையும் ஒருவகை பாண்டு தானே என்று கேட்கலாம். அங்கே நிபந்தனை சேர்வதற்கு முன்பே தெரிந்தது, பதிலுக்குக் கட்டணம் குறைந்தது, போய்ச் சேரும் மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருந்தார்கள். சான்றிதழைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வதும் அதுவும் ஒன்றாகாது.

கல்லூரி கொண்டுவர வேண்டிய இன்னொன்று ஆசிரியர்; அதிலும் பஞ்சம்தான். செவிலியர் கல்லூரியில் விரிவுரையாளராக எம்.எஸ்சி. வேண்டும். எம்.எஸ்சி.யில் சேர பி.எஸ்சி.யில் 55 விழுக்காடும் ஓராண்டு பணி அனுபவமும் வேண்டும். டிப்ளமா படித்தவர்கள் இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்து அந்த வாசலுக்கு வரலாம். வருகிறவர்கள் இருக்கிறார்கள்: வளைகுடாவிலிருந்து திரும்பி, பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தபின், முப்பத்தைந்து நாற்பது வயதில் மகளையொத்த பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படிப்பவர்கள். என் கணிப்பில் இந்தத் துறையின் ஆகச்சிறந்த ஆசிரியர்கள் அவர்களிலிருந்துதான் வருகிறார்கள். வார்டை அறிந்தபின் வகுப்புக்கு வந்தவர்கள். மாறாக, பி.எஸ்சி. முடித்து ஓராண்டுச் சான்று ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே எம்.எஸ்சி., நேரே கற்பித்தல் என்று போகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். அவர்களிடம் பாடம் இருக்கும். இரவு மூன்று மணிக்கு ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுகொள்வதை அவர்கள் யாரிடமிருந்து கற்றிருப்பார்கள்?

2023-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. 2014-க்குப் பிறகு தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 அரசு செவிலியர் கல்லூரிகள் அமைக்க மத்திய அரசு முடிவெடுத்தது. மருத்துவமனையை ஒட்டிக் கல்லூரி என்ற பழைய முறைக்கே திரும்பிய அந்தத் திட்டத்தை வரவேற்கலாம்; ஆனால் 2001-இல் தொடங்கிய ஆசாரிப்பள்ளம் அந்தக் கணக்கில் வராது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறுச் செவிலிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்ளும். நாடெங்கும் ஒரே சீரான சேர்க்கை முறைக்கும் வழிவகுக்கிறது. 2021 பாடத்திட்டமே நுழைவுத் தேர்வொன்றைப் பேசுகிறது: 100 மதிப்பெண், அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலத்துக்குத் தலா 20, செவிலியர் பணிக்கான மனப்பாங்குக்கு 20. ராணுவச் செவிலியர் படிப்புக்கும் ஜிப்மருக்கும் ஏற்கெனவே நீட் மதிப்பெண் கணக்கில் வருகிறது.

நுழைவுத் தேர்வு வந்தால் தமிழ்வழிப் பிள்ளைகள் பின்தங்குவார்கள் என்ற கவலை நியாயமானது. மருத்துவப் படிப்பில் நடந்ததைப் பார்த்தவர்கள் நாம். தரம் உயர அது ஒன்றே வழி என்பவர்களின் வாதத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தத் தேர்வும் மாணவியைத்தான் அளக்கப்போகிறது. நூற்றுக்கு எண்பது வாங்கியவளை நோயாளி இல்லாத வார்டில் நிறுத்தினால் அவள் எதைக் கற்பாள்? 45 விழுக்காட்டோடு வந்தவர்களை நிரம்பிய வார்டில் நிறுத்தி நல்ல செவிலியராக்கிய அனுபவம் இந்த மாவட்டத்துக்கே உண்டு.

எனவே கேட்க வேண்டியதை விண்ணப்பப் படிவத்திலேயே கேட்கலாம். மாணவியின் மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கம் இருப்பதுபோல் கல்லூரிக்கும் ஒரு பக்கம்: சென்ற ஆண்டு சொந்த மருத்துவமனையில் சராசரியாக எத்தனை கட்டிலில் நோயாளி இருந்தார், எத்தனை சுகப்பிரசவம் நடந்தது, அந்தப் பிரசவங்களை எத்தனை கல்லூரி மாணவிகள் பங்கிட்டுக்கொண்டார்கள், எம்.எஸ்சி. முடித்த ஆசிரியர் எத்தனை பேர், அவர்கள் வார்டில் வேலை செய்த ஆண்டுகள் எத்தனை. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அங்கீகாரம் கேட்கும்போதும் அதைப் புதுப்பிக்கும்போதும் இந்த விவரங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லூரிகள் கவுன்சிலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கலந்தாய்வுக்குப் போகும் பெண்ணின் கையில் அதன் நகல் ஒன்று கிடைத்தால், எந்தக் கல்லூரிப் பெயரைச் சொல்வது என்பதை அவளே தீர்மானித்துக்கொள்வாள்.